லண்டன் விருந்துகளும் ஒரு கல்லறை மனுவும்

லண்டனுக்குப் போய்த் திரும்பியவன் என்று தெரிந்ததும் நாகர்கோவிலில் ஆட்கள் முதலில் கேட்ட கேள்வி, "அங்க என்ன திங்கக் குடுத்தாவ?" என்பதுதான். மீன், ஆட்டிறைச்சி, பழம் என்று ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். லண்டனின் மிக உயர்ந்த சாப்பாட்டு மாளிகைகள் மூன்றில் நான் உட்கார்ந்து உண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து மனிதர் யாரும் அதற்கு முன் அங்கே உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். அந்த மூன்று சாப்பாட்டையும் இப்போதுதான் முழுதாக எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கன்னியாகுமரிக்கு மேற்கே, கடலோரத்தில் கறுப்பு மணலை அள்ளிக் கப்பலேற்றும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நான் ரைட்டராக இருந்தேன். சொந்த ஊர் குழித்துறை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ்தான் அந்த வேலையை வாங்கித் தந்தது. லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி நடக்கப்போகிறது, அங்கே மணலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல அந்த மண்ணின் ஆள் ஒருவன் வேண்டும் என்று தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மேனேஜர் துரை என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பகலில் சூசையம்மாள் ஆபீஸின் பின்பக்கம் வந்து நின்றாள். கரையில் மீன் வாங்கி விற்கிறவள். ஐம்பது வயதிருக்கும். அவளோடு இன்னும் நாலு பெண்கள். கையில் நான்காக மடித்த இரண்டு தாள்கள். அவர்கள் ஊர் உபதேசியார் எழுதிக்கொடுத்த மனு. கீழே வரிசை வரிசையாகக் கைநாட்டுகள்.

விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். வாந்திபேதி வந்த வருஷத்தில் அவர்களுடைய கத்தோலிக்கக் கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல், கடலைப் பார்த்த மணல்மேட்டில் பிணங்களைப் புதைத்தார்கள். பிறகு கடலில் செத்து ஒதுங்கியவர்களையும் அங்கேயே புதைத்தார்கள். சுற்றுச்சுவர் கிடையாது. கம்பெனி குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அந்த மேடும் அடக்கம். அந்த மேட்டில்தான் மணல் நல்ல கறுப்பு.

"ரைட்டரே, இத மேனேஜரு துரைக்கிட்ட குடுத்தா மேசைக்குள்ள போட்டுப் பூட்டிருவான். சீமையில இருக்க பெரிய துரைக்க கையில நீரே குடுக்கணும். வாசிச்சும் காட்டணும்" என்றாள் சூசையம்மாள். "எனக்க மாப்பிளைய கடலு மூணாம் நாளு திருப்பித் தந்துது. எத்தனையோ பேருக்கு அதும் கெடைக்கல்ல. அவர இனி ஒருத்தனும் தோண்டி எடுக்கப்பிடாது."

"ஓணம் கழிஞ்ச பொறவுதான் அந்தப் பக்கம் வெட்டுவோமுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. அதுக்குள்ள குடுத்துருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் தாள்களை என் கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கி மூடிவிட்டுப் போனாள்.

லண்டனில் இறங்கிய மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கார்ட்டர் என்கிற கம்பெனிக் காரியதரிசி மோட்டார் காரில் வந்து என்னை அழைத்துப் போனார். முப்பது வயது இளைஞர், நல்லவர், எதிலும் முறை தவறக்கூடாது என்கிற கவலை மட்டும் அவருக்கு அதிகம். பெரிய துரை எனக்கு வரவேற்பு விருந்து கொடுக்கிறாராம். மே மாதக் கடைசி. இரவு எட்டு மணிக்கும் வெயில் கிடந்தது. வெயில் இருக்கும்போது ராச்சாப்பாடு சாப்பிடுவது எனக்கு அதுவே முதல் தடவை.

வாசலில் சுழலும் கண்ணாடிக் கதவு. உள்ளே நுழைந்தவன் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் தெருவுக்கே வந்து நின்றேன். காவல்காரர் சிரிக்காமல் என் முழங்கையைப் பிடித்து உள்ளே விட்டார். அங்கே இன்னொருவர் என் மேல்கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஒரு பித்தளை வில்லையைத் தந்தார். கம்பளம் விரித்த படிகளில் பாதி ஏறிய பிறகுதான் மனு அந்தக் கோட்டுப் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய்க் கேட்கலாம்தான். கார்ட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பின்னால் போனேன்.

அந்தக் கூடத்தை என்னவென்று சொல்வேன்! பொன் பூசிய தூண்கள், கூரை வரைக்கும் கண்ணாடிகள், நூறு மேஜைகளாவது இருக்கும். அத்தனை பேர் சாப்பிட்டும் சத்தம் இல்லை. எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் நடக்கும். பந்தலில் வரிசையாக உட்கார்ந்து, "இங்க சோறு, இங்க கறி" என்று கூப்பிட்டு வாங்கிச் சாப்பிடுவோம். அந்த இரைச்சல் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். இங்கே யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கண்ணால் ஒரு பார்வை பார்த்தால் ஆள் வந்து நிற்கிறான்.

சாப்பாட்டு அட்டை பிரெஞ்சில் இருந்தது. "எங்களுக்கும் பாதிதான் புரியும்" என்று கார்ட்டர் காதோடு சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துச் சொன்னார். முதலில் தண்ணீர் மாதிரித் தெளிந்த சூப். பிறகு மீன். பரிமாறுகிறவர் இரண்டு கரண்டிகளால் நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, மீனை மறுபடி மீனாகவே மூடி வைத்தார். வெண்ணெயும் எலுமிச்சையும் தவிர வேறு ருசி அதில் இல்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தின்று வளர்ந்த நாக்கு மிளகாயைத் தேடியது. பக்கத்து மேஜையில் ஒரு சீமாட்டி, "போன வருஷம் இந்த மீன் இதைவிட நன்றாக இருந்தது" என்று சொல்லி, தொட்டும் தொடாமலும் தட்டை ஒதுக்கினாள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெரிய துரை அறுபது வயதுக்காரர். மெல்லிய குரல். கப்பலில் வாந்தி எடுத்தேனா, குளிருக்குக் கம்பளி போதுமா, எத்தனை பிள்ளைகள் என்று தகப்பனைப் போல விசாரித்தார். கடுமையான மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'இவரிடம் முதல் நாளே மனுவோடு வந்து நிற்பதா?' என்று தோன்றியது. ஓணத்துக்கு மூன்று மாசம் கிடக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மனு கீழே கோட்டுப் பையில் இருந்தது எனக்கு ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் கண்காட்சியில் நின்றேன். உயரமான கண்ணாடிச் சாடிகளில் எங்கள் கரை மணல். கறுப்பு மணலிலிருந்து வெள்ளைச் சாயம் எடுக்கிறார்கள் என்று சொன்னால் வந்தவர்கள் நம்பவில்லை. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் மணல் தாவி ஒட்டுவதைக் காட்டினேன், கூட்டம் கூடியது. திங்கட்கிழமை ஒரு பெரிய பெயிண்ட் ஆலை முதலாளி வந்து அரைமணி நேரம் என்னிடமே கேள்வி கேட்டார். எந்தக் கரையில் எவ்வளவு ஆழத்துக்கு மணல் கிடக்கிறது, கழுவினால் எத்தனை பங்கு தேறும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கார்ட்டர் என் கையைக் குலுக்கினார். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைப்பானேன்?

அன்று திரும்பும்போது பூமிக்கடியில் ஓடும் ரயிலில் திசை மாறி ஏறிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு நிலையத்தில், தானே நகரும் படிக்கட்டில் மேலே வந்தால் வாசலில் ஒரு கிழவி ரோஜாவை ஒற்றை ஒற்றையாக விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துத் தோவாளைச் சந்தையில் கூடை கூடையாகக் கொட்டி விற்கிற பூ, இங்கே காகிதம் சுற்றி ஒன்று. வழி கேட்டேன். "எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறு மகனே. தப்பு வண்டி என்று தெரிந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கக் கூடாது" என்றாள். ஏழு நிலையம் தாண்டி வந்திருந்தேன்.

இரண்டாம் விருந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம். அந்தப் பெயிண்ட் ஆலை முதலாளி பெரிய துரையையும் எங்களையும் அழைத்திருந்தார். இந்தத் தடவை மனு என் உள்கோட்டுப் பையில், நெஞ்சை ஒட்டி இருந்தது. புதிதாகத் திறந்த இடம் அது. பொன்னும் தூணும் கிடையாது. சுவர், கூரை, கதவு எல்லாம் ஒரே வெள்ளை, கண் கூசும் வெள்ளை. முதலாளி எழுந்துபோய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது உங்கள் ஊர் மணல், தெரியுமா? எத்தனை வருஷமானாலும் மஞ்சளாகாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சிப்பியை உடைத்துப் பனிக்கட்டிமேல் பரப்பிக் கொண்டுவந்தார்கள். எங்கள் கரையில் பாறையில் முங்கிச் சிப்பி பறிப்பார்கள். அவித்துத் தேங்காய் போட்டு வைப்போம். இவர்கள் பச்சையாக வாயில் விட்டு விழுங்கினார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்து, வெள்ளி மூடிபோட்ட வண்டியில் ஆட்டின் முதுகிறைச்சியை மேஜைக்கே தள்ளிக்கொண்டு வந்து தாள்போல் சீவிப் போட்டார்கள். அப்போதுதான் பெரிய துரை சொன்னார்.

"நம் நண்பர் கண்காட்சியில் நின்று பேசியதன் பலன் இது. இரட்டிப்பு மணலுக்கு இவர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். உங்கள் மேனேஜருக்குக் காலையிலேயே தந்தி கொடுத்துவிட்டேன், தயாராக உள்ள நல்ல மேட்டில் உடனே ஆரம்பிக்கச் சொல்லி."

கிண்ணங்கள் உயர்ந்தன. எனக்காகக் குடித்தார்கள்.

தயாராக உள்ள நல்ல மேடு எது என்று அந்த மேஜையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "ஐயா, எங்கள் கரையில் ஒரு..." என்று ஆரம்பித்தேன். கார்ட்டர் மேஜைக்கடியில் என் முழங்காலைத் தொட்டார். "சாப்பாட்டின் நடுவே தொழில் சங்கதி வேண்டாம்" என்று முணுமுணுத்தார். பெரிய துரை என்னைப் பார்த்து, "என்ன?" என்றார். "எங்கள் கரையில் ஒரு சிப்பி உண்டு, இதைவிடப் பெரியது" என்றேன். ஆஹா என்றார்கள்.

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான். இன்றுவரை அதை வேறு யார் தலையிலும் என்னால் போட முடியவில்லை.

இனிப்பு முடிந்ததும் பெரியவர்கள் சுருட்டுப் பிடிக்க உள்ளறைக்குப் போனார்கள். என்னை அனுப்பிவைக்க வண்டி காத்திருந்தது. நான் கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மேஜையில் பரிமாறியவர் அருகே வந்து, "ஒன்றுமே சாப்பிடவில்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நரைத்த மீசைக்காரர். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரராம். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. சொன்னேன். மனுவைப் பிரித்தும் காட்டினேன். எழுத்து அவருக்குத் தெரியாது. கைநாட்டுகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமாக இந்த மாதிரி மனிதர்களுக்குப் பரிமாறுகிறேன்" என்றார். "பசியோடு இருக்கும்போது பேசினால் கேட்க மாட்டார்கள். சுருட்டுப் பற்றவைத்த பிறகும் கேட்க மாட்டார்கள். நடுவே காபி வரும். அந்தக் கோப்பை காலியாவதற்குள் பேசிவிடு. காகிதத்தை மட்டும் கொடுத்துவிடாதே. அதைப் படிக்க அவர்களுக்கு வேறு ஆள் உண்டு. நீயே வாசி."

மறுநாள் காலை ஆபீஸுக்கே போனேன். துரை வெளியூர் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். "என்னிடம் தாருங்கள், கோப்பில் சேர்த்துவிடுகிறேன்" என்றார் கார்ட்டர். துரையின் கையில் கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அப்போது அது எனக்கு நேர்மையாகப் பட்டது. அவரிடம் வாயாலாவது விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு நாளும் கண்காட்சிக்கு வந்தவர்களுக்குக் காந்தத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாவது விருந்து, தேம்ஸ் நதியைப் பார்த்த ஒரு மாளிகையில். துரையும் அவர் மனைவியும் கார்ட்டரும் நானும் மட்டும். ஜன்னலுக்கு வெளியே படகுகள் போயின. குழித்துறை ஆற்றைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றவில்லை, மழைக்காலத்தில் எங்கள் ஆறு இதை விழுங்கிவிடும். வெண்ணெயில் முக்கித் தின்னும் ஏதோ தண்டுக்கீரை, கோழி, கடைசியில் ஸ்ட்ராபெரி என்கிற சிவப்புப் பழமும் பாலாடையும் வந்தன. எதன் ருசியும் எனக்கு நினைவில்லை. பரிமாறுகிறவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காபி வந்தது. கோழிமுட்டை அளவுக் கோப்பை. நான் எழுந்து நின்றேன். கார்ட்டர் என் பெயரைச் சொல்லி எச்சரித்தார். நான் மனுவைப் பிரித்து, தமிழை இங்கிலீஷாக மாற்றி மாற்றி வாசித்தேன்.

"எங்கள் கையில் பத்திரம் இல்லை. பெயர் வெட்டின கல்லும் இல்லை. எந்தக் குழி யாருடையது என்பது எங்களுக்குத் தெரியும். இரவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்க் காட்டுவோம். மணல் வேண்டுமானால் எங்கள் வீடுகளுக்கு அடியில் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நடந்து வேறு இடத்துக்குப் போய்விடுவோம். அவர்களால் நடக்க முடியாது."

துரையின் மனைவி கோப்பையைக் கீழே வைத்தார். "குழந்தைகளும் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"வாந்திபேதியில் போனவர்களில் பாதிக்குமேல் குழந்தைகள்தான், அம்மா."

துரை கேட்டார்: "நீங்கள் வந்து எட்டு நாளாகிறது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை?"

"சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஐயா."

அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுத் தந்தித் தாள் கொண்டுவரச் சொன்னார். அந்த வெள்ளைத் துணிமேலேயே வைத்து எழுதினார். 'கல்லறை மேட்டில் வேலையை உடனே நிறுத்து.' ஆள் அதை எடுத்துக்கொண்டு ஓடுவதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அன்று என் அறைக்கு வந்து முழங்கால் போட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். வந்த காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்திருந்தது. ஆபீஸில் பெட்டியை வைத்துவிட்டு நேரே மணல்மேட்டுக்குப் போனேன். மேட்டில் பாதிதான் இருந்தது. கடல் பக்கத்துப் பாதியைச் செங்குத்தாக வெட்டி எடுத்திருந்தார்கள். தந்தி வந்தது சனிக்கிழமை காலையில். வெட்டு ஆரம்பித்தது வியாழக்கிழமை. இரண்டே நாள்.

சூசையம்மாள் கரையில் சாளையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்தீரா மக்கா! நீரு போவல்லேன்னா இந்தப் பாதியும் நமக்கு இல்ல. தந்தி வந்தப்போ மேனேஜருக்க மூஞ்சியப் பாக்கணுமே!"

"ஒங்க வீட்டுக்காரரு?"

"அவரு கடலு பக்கத்து வரிசயில்லா" என்றாள். "எல்லாரும் கூடிப் பெறக்கினோம். எந்த எலும்பு யாருக்க எலும்புன்னு தெரியல்ல. சாமியாரு வந்து செபம் படிச்சாரு, எல்லாத்தையும் ஒரே குழியில போட்டு மூடினோம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள், அதனால் முடியவில்லை.

"சூசையம்மா, தந்தி முந்தியே வந்திருக்கும். துரைய நான் மொத வெள்ளிக்கிழமையே பாத்தேன். செவ்வாக்கிழமையும் பாத்தேன். வெட்டப் போறாங்கன்னு அண்ணைக்கே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல்ல."

"ஏன்?"

"விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாவ. பக்கத்துல இருத்திச் சோறு போட்டாவ. எனக்குப் பேச வரல்ல."

அவள் கைகளை மெல்ல விட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், மண்ணை வாரித் தூற்றினால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். அவள் போய்க் குத்தவைத்து, பாதியில் விட்ட மீனைத் தரம் பிரிக்கத் தொடங்கினாள். தலை நிமிராமல், "வெயிலு ஏறுது. நீரு வீட்டுக்குப் போவும். பிள்ளைய காத்துக்கிட்டு கெடக்கும்" என்றாள்.

நான் அந்த வேலையை விடவில்லை. நாலு பிள்ளைகள், வேறு பிழைப்பு தெரியாது. இன்னும் ஒன்பது வருஷம் அதே நாற்காலியில் இருந்தேன். மீதி மேட்டைச் சுற்றிச் சுவர் கட்டக் கம்பெனியிலிருந்து உத்தரவு வாங்கினேன். அதற்கு மூன்று கடிதங்கள் எழுதினேன், ஒன்றையும் நாள் தள்ளவில்லை. முதல் சில மாசம் சூசையம்மாள் வழியில் கண்டால் தலையசைப்பாள். பேச்சில்லை.

நான் லண்டனிலிருந்து திரும்பிய அந்த வருஷமே நவம்பரில் சூசையம்மாள் ஊர்க்காரர்களுடைய கல்லறைத் திருநாள் வந்தது. நாங்கள் புரோட்டஸ்டண்டுகள். செத்தவர்களுக்காக ஜெபிப்பதையும் கல்லறையில் வெளிச்சம் வைப்பதையும் எங்கள் சபை ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கால்கள் அந்தப் பக்கமே போயின. ஊரே மேட்டில் கூடியிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அந்தந்த வீட்டுக்காரர்கள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்த பொதுக்குழியைச் சுற்றி மட்டும் முப்பது குடும்பங்கள் நெருக்கியடித்து நின்றன. நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

சூசையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் கையில் மெழுகுவர்த்திக் கட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள்.

"எனக்க மாப்பிளைக்கு நான் வச்சாச்சு" என்றாள். "இந்தக் குழியில திரி கொளுத்த ஆளில்லாத பிள்ளைக நெறயப் பேரு கெடக்கு. ஒண்ணு நீரு கொளுத்தும்."

வாங்கிக்கொண்டேன்.